ஐந்தரை அங்குலம்

என்னிடம் இருக்கும் ஏஆர்-15 வகை ரைஃபிளின் குழல் 16 அங்குலம். அதன் இடத்தில் 10.5 அங்குலக் குழல் ஒன்றைப் பொருத்தி, கூட்டரசில் முறைப்படி பதிவுசெய்து, இங்கே எல்லாரும் எஸ்பிஆர் என்று சுருக்கிச் சொல்லும் குறுங்குழல் ரைஃபிளாக மாற்றிக்கொள்வது தகுமா என்று சென்ற ஜூலையிலிருந்து யோசித்துவந்தேன். டெக்ஸாஸில் வசிக்கும் என்னைப் போன்ற பலருக்கு ஒரே சமயத்தில் இந்த யோசனை வந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், இந்தப் பதிவுக்காக 1934 முதல் வசூலிக்கப்பட்டுவந்த 200 டாலர் வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கிவிட்டது. வரிதான் போய்விட்டதே, இன்னும் என்ன தயக்கம் என்று துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகும் நண்பர்கள் கேட்டார்கள். அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த 16 அங்குலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேசியத் துப்பாக்கிச் சட்டம் 1934இல், மதுவிலக்குக் காலத்துக் கும்பல் மோதல்களின் சூடு ஆறாத நேரத்தில் பிறந்தது. அதன் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கிக்கு வரியும் பதிவும் வைத்தால், ஒருவன் ரைஃபிளை அறுத்துக் கோட்டுக்குள் ஒளிக்கும் அளவுக்குக் குறுக்கிக்கொள்வானே என்று, அந்த ஓட்டையை அடைப்பதற்காகக் குறுங்குழல் ரைஃபிளையும் வரைவில் சேர்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைத்துப்பாக்கி விலக்கப்பட்டது. ஓட்டையை அடைக்க வைத்த கல் மட்டும், வீட்டை இடித்த பிறகும் நிற்கிற வாசற்படியைப் போல அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் இன்று 4 அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கியைச் சாதாரணக் கடைச் சோதனை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம், ஆனால் தோளில் ஊன்றும் கட்டையோடு 15 அங்குலக் குழல் கொண்ட ரைஃபிள் வேண்டுமென்றால் கைரேகை கொடுக்க வேண்டும். எல்லை முதலில் 18 அங்குலமாக இருந்தது. 1960இல்தான் ரைஃபிளுக்கு 16 ஆக்கினார்கள். குழல் நீளமாகவே இருந்தாலும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போகுமாறு ரைஃபிளைக் குறுக்கினால் அதுவும் இதே வகைக்குள் வந்துவிடும்.

அந்த 200 டாலருக்கும் ஒரு கதை இருக்கிறது. அன்றைக்கு ஒரு தாம்ப்சன் எந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். வரி என்ற பெயரில் வைக்கப்பட்ட தடை அது. அதன் பிறகு 91 ஆண்டுகள் அந்தத் தொகையை ஒரு டாலர்கூட ஏற்றவில்லை என்பதால், பணவீக்கம் அதை மெதுவாகக் கரைத்து, எங்கள் தலைமுறைக்கு ஒரு நல்ல தூரநோக்கியின் விலையில் பாதிகூட இல்லாத தொகையாக்கிவிட்டது. எனவே, வரி பூஜ்யமானதால் எனக்கு மிச்சமாவது 200 டாலர் மட்டுமே. குறுங்குழலோடு வரும் புதிய மேல்பாகம் ஒன்றுக்கு நான் விசாரித்த விலை 580 டாலர். இதில் பணத்தைப் பற்றிப் பேச இவ்வளவுதான் இருக்கிறது.

எனக்குத் துப்பாக்கிப் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே வந்ததன்று. ஊரில் நான் பார்த்தவை வங்கி வாசல் காவலரின் இரட்டைக் குழல் துப்பாக்கியும் என்சிசி முகாமில் குப்புறப் படுத்து ஐந்து தோட்டா சுட்ட .22 ரைஃபிளும்தான். காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கி வைத்திருந்த பெரியப்பா ஒருவர், ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். இப்போது இந்தப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரசீது நினைவுக்கு வருகிறது.

சென்ற நவம்பரில், எஸ்பிஆர் வைத்திருக்கும் கோவைக்கார நண்பர் ஒருவர் தம் ரைஃபிளை ரேஞ்சுக்கு எடுத்து வந்தார். அதே 10.5 அங்குலம், 5.56 தோட்டா. நான் என் 16 அங்குலத்தை எடுத்துப் போயிருந்தேன். மேசைக்கு முன்னால் அவருடைய வேகமானியை வைத்து, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த, 55 கிரெயின் எடைக் குண்டுள்ள தோட்டாக்களை இரண்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டோம். என்னுடையதில் சராசரி நொடிக்கு 3,060 அடி வந்தது. அவருடையதில் 2,690. ஐந்தரை அங்குலம் குறைந்ததற்கு 370 அடி போய்விட்டது. அந்த 370 அடியும் எங்கே போயிற்று என்பதைக் கண்ணாலும் காதாலும் கண்டேன். குழலுக்குள் எரிந்து முடியாத மருந்து, வாய்க்கு வெளியே தேங்காய் அளவு தீயாக எரிந்தது. தகரக் கூரையின் கீழே அந்தச் சத்தம் காதுக்கவசத்தைத் தாண்டி நெஞ்சில் அறைந்தது. இரண்டு மேசை தள்ளித் தன் அப்பாவோடு .22 பழகிக்கொண்டிருந்த சிறுமி, துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நண்பர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

5.56 தோட்டாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எம்16இன் 20 அங்குலக் குழலுக்காக வளர்ந்த தோட்டா அது. குண்டு சிறியது, அதன் வலு முழுவதும் வேகத்தில்தான் இருக்கிறது. ராணுவத்தின் எம்4இல் குழல் 14.5 அங்குலம். சிறப்புப் படையினரின் எம்கே 18இல் 10.3 அங்குலம். கப்பலின் ஒடுங்கிய படிகளிலும் அறை வாசல்களிலும் திரும்ப வேண்டியவர்கள் அந்த வேக இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். நான் திரும்ப வேண்டிய மிக ஒடுங்கிய இடம் எங்கள் வீட்டுச் சலவை அறை. தவிர, குழல் குறுகும்போது வாயுத் துளைக்கும் குழல் வாய்க்கும் இடையிலுள்ள தூரமும் குறைந்துவிடுவதால், அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறி வேலைசெய்யக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது; துளையைப் பெரிதாக்கி, பின்னால் எடை கூட்டிச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அதைச் சரியாகவே செய்கிறார்கள். ஆனாலும் 16 அங்குலத்தில் அந்த நுணுக்கம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

எல்லாத் தோட்டாவும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். .300 பிளாக்அவுட் என்ற தோட்டா 2011இல் தரப்படுத்தப்பட்டபோதே குறுங்குழலையும், குழல் முனையில் திருகிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரையும் மனத்தில் வைத்துத்தான் வந்தது. 9 அங்குலக் குழலிலேயே அதன் மருந்து பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. 220 கிரெயின் எடையுள்ள கனமான குண்டை ஒலியின் வேகத்துக்குக் கீழே அனுப்பினால், சப்ரஸரோடு அது எழுப்பும் சத்தம் வழக்கமான ரைஃபிளில் கேட்காத அளவுக்கு அடக்கமாக இருக்கிறது. 9 அங்குலக் குழலின் முனையில் 7 அங்குலச் சப்ரஸரைத் திருகினால் மொத்தம் 16 அங்குலம்தான், அதாவது என் ரைஃபிளின் குழல் மட்டுமே இப்போது இருக்கும் நீளம். எஸ்பிஆருக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்தக் கூட்டணிதான் என்பது என் எண்ணம். பண்ணை வைத்திருக்கும் இன்னொரு நண்பர் இரவில் வண்டியிலிருந்தபடி காட்டுப்பன்றிகளைச் சுடுகிறார். அவருக்கு நான் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் ஆம் என்று சொல்லிவிடுவேன்.

எனக்கு ஏன் அது வேண்டாம் என்றால், பிளாக்அவுட்டும் 5.56உம் ஒரே மேகசினைப் பயன்படுத்துகின்றன. குழலைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் பொது. பிளாக்அவுட் தோட்டா ஒன்று தவறுதலாக 5.56 குழலில் ஏறிச் சுடப்பட்டால் ரைஃபிள் வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறியவற்றின் படங்கள் ஏராளம். காபி டம்ளரை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிற ஒருவன், இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே அலமாரியில் வைக்காமலிருப்பதே உத்தமம். 9 மி.மீ. தோட்டாவில் குறுங்குழல் செய்துகொள்பவர்களும் உண்டு. அந்தத் தோட்டாவுக்கு நீளக் குழலால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம் என்பதால் அதில் இழப்பும் குறைவு. எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை.

பிறகு படிவம். உள்ள ரைஃபிளை நாமே மாற்றுவதென்றால் படிவம் 1. கடையில் குறுங்குழலோடு வருவதை வாங்குவதென்றால் படிவம் 4. இரண்டையும் இப்போது, இந்தப் பதிவைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப்பின் இணையதளத்திலேயே நிரப்பலாம். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், இரண்டு கைரேகை அட்டைகள், உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல். ஒப்புதல் கைக்கு வரும்வரை குறுங்குழலைப் பொருத்தக் கூடாது. ஒப்புதல் வருவதற்கு முன்பே ஆர்வத்தில் பொருத்திப் பார்ப்பதும் பதிவில்லாத எஸ்பிஆர்தான். அதற்கான தண்டனை பத்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும். ஆதலால் குறுங்குழலை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைப்பதையே பலர் தவிர்க்கிறார்கள், நானும் வாங்கவில்லை.

படிவம் 1இல் என்னைச் சிரிக்க வைத்த பகுதி பெயர் பொறித்தல். சட்டத்தின் பார்வையில் அந்த எஸ்பிஆரைத் தயாரித்தவன் நானே என்பதால், என் பெயரும் ஊரும் மாநிலமும் உலோகத்தில் 0.003 அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில் பொறிக்கப்பட வேண்டும். பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயருமாகச் சேர்ந்து ஆங்கிலத்தில் 27 எழுத்துகள். பொறிப்புக் கடைக்காரர் அளவுகோலை வைத்துப் பார்த்து, இரண்டு வரியாக மடக்கினால் 60 டாலர், ஒரே வரியில் வேண்டுமென்றால் உங்கள் துப்பாக்கி போதாது என்றார். நாளை இதை விற்றாலும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் அந்தப் பொறிப்பு அழியாது. இன்னொருவர் வீட்டு அலமாரியில் என் அப்பாவின் பெயர் கிடக்கும் என்ற எண்ணம் எனக்கு அவ்வளவாக உவக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். என்னை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வைத்தது, ஒப்புதல் வந்த மறுநாளிலிருந்து தொடங்கும் வாழ்க்கை.

தனிநபர் பெயரில் பதிவுசெய்தால் அந்த ரைஃபிள் பதிவுசெய்தவருக்கு மட்டுமே உரியது. அவர் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் சுட்டுப் பார்க்கலாம். அவர் இல்லாதபோது அது இன்னொருவர் வசம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பெட்டகத்தின் எண் எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். அவரும் முறையாகப் பயிற்சி பெற்றவர். குறிவைப்பதில் என்னைவிட ஒரு படி மேல் என்று சொல்லிவிட்டால் இதைப் படிக்கும்போது மகிழ்வார். நான் விஷயத்தை விளக்கியதும் அவர் கேட்டது இதுதான்: "நீங்க ஊர்ல இல்லாதப்போ ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டா, எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாதுன்னு நான் பட்டியல் பார்த்துக்கிட்டா நிக்கணும்?" இதற்கு வழி இருக்கிறது. அறக்கட்டளைபோல ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி அதன் பெயரில் பதிவுசெய்தால், அதில் இருக்கும் இருவரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கத் தயாராகவே இருந்தார். "ஐந்தரை அங்குலத்துக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது ஊர்ப் பயணம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆறு வாரம் குடும்பத்தோடு போய்விடுகிறோம். சென்ற முறை ரைஃபிளைப் பூட்டிய பையோடு நண்பர் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போனேன். நகையை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போவது போல இயல்பாக நடந்த காரியம் அது. எஸ்பிஆரை அப்படிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும், பதிவில் அவர் பெயர் இல்லாத நிலையில் அது சட்டப்படி கைமாற்றம் என்று கொள்ளப்படலாம்.

மாநில எல்லையைத் தாண்டுவதும் அப்படித்தான். மைத்துனர் லூசியானாவில் இருக்கிறார். நன்றி நவிலும் நாள் விடுமுறைக்குப் போகும்போது இருவரும் அங்கே ரேஞ்சுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. எஸ்பிஆரை எல்லை தாண்டி எடுத்துச் செல்ல முன்கூட்டியே படிவம் 20 அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். கட்டணம் கிடையாது, ஓராண்டுக் காலத்துக்குச் சேர்த்தும் கேட்கலாம், எனவே இது பெரிய சுமை என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அலுவலகம் என்னை நியூ ஜெர்சிக்கு மாற்றும் பேச்சு மூன்று ஆண்டாகவே இருக்கிறது. நியூ ஜெர்சி, நியூ யார்க், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில், கூட்டரசுப் பதிவு கையில் இருந்தாலும் என்னைப் போன்ற சாதாரணக் குடிமகன் குறுங்குழல் ரைஃபிள் வைத்திருக்க முடியாது. மாற்றல் வந்தால், குறுங்குழலை விற்றுவிட்டு மறுபடி 16 அங்குலத்தைப் பொருத்தி, பதிவிலிருந்து நீக்கும்படி ஏடிஎஃப்புக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். இந்தப் பெயர் பொறிப்பு மட்டும் மிஞ்சும்.

டெக்ஸாஸ்காரர்களிடையே இப்போது உலவும் ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து குறுங்குழல் துப்பாக்கி நீக்கப்பட்டது உண்மைதான். அதனால் பதிவே தேவையில்லை என்று பொருள் கொள்பவர்களை ரேஞ்சிலேயே சந்தித்தேன். மாநிலம் தன் தடையை விலக்கிக்கொண்டதே தவிர, கூட்டரசின் பதிவுக் கட்டாயம் அப்படியே இருக்கிறது. அதேபோல, வேலை விசாவில் இருக்கும் தம்பிகள் சிலர் இந்தப் பேச்சைக் கேட்டு ஆர்வத்தோடு வருகிறார்கள். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் தம் வசம் வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். பச்சை அட்டை கைக்கு வரட்டும், அவசரம் வேண்டாம் என்றுதான் அவர்களிடம் சொல்லிவருகிறேன்.

பதிவில்லாமலே நீளத்தைக் குறைக்கும் வழிகளையும் பார்த்தேன். 14.5 அங்குலக் குழலின் முனையில் நீளமான தீயடக்கி ஒன்றை ஆணியடித்துப் பற்றவைத்து 16 ஆக்குவது ஒன்று. கழற்ற முடியாதபடி நிரந்தரமாகப் பொருத்தினால்தான் அது குழலின் நீளத்தில் சேரும். கிடைப்பது ஒன்றரை அங்குலம்தான் என்பதால் கைவிட்டேன். பொறியைக் கட்டைக்குள்ளேயே வைத்த புல்பப் வகையில், 16.5 அங்குலக் குழலோடும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும் டேவோர் எக்ஸ்95 அழகான தீர்வு. விசைதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஈரக் கயிற்றை இழுப்பது போலிருக்கிறது. மூன்றாவது, கட்டைக்குப் பதில் முன்கைப் பட்டை பொருத்திய பிஸ்டல். 2023 ஜனவரியில் ஏடிஎஃப் அவற்றில் பெரும்பாலானவற்றை எஸ்பிஆர் என்று அறிவித்து, மே 31 வரை வரியில்லாமல் பதிவுசெய்துகொள்ள வாய்ப்பளித்தது. 2024 ஜூனில் டெக்ஸாஸ் கூட்டரசு நீதிமன்றம் அந்த விதியையே ரத்துசெய்தது. கோவை நண்பரின் எஸ்பிஆர் அந்த இடைவெளியில் பதிவானதுதான். விதி போன பிறகும் அவருடைய பதிவு இருக்கிறது. நாளை காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

பொறுத்திருந்தால் பதிவுக் கட்டாயமே போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. 1937இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை வரி விதிக்கும் அதிகாரத்தின் பெயரில்தான் நிலைநிறுத்தியது. வரியே பூஜ்யமான பிறகு பதிவு எதன் மேல் நிற்கிறது என்று கேட்டு வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும் என் மனைவியின் கேள்விக்கு அது பாதிப் பதில்தான் என்பதால், அதை நம்பியும் நான் முடிவெடுக்கவில்லை, அதற்கு அஞ்சியும் எடுக்கவில்லை.

பிப்ரவரியின் கடைசி ஞாயிறு, இணையதளத்தில் பாதி நிரப்பி வைத்திருந்த படிவம் 1ஐ நீக்கிவிட்டேன். நவம்பரில் ரேஞ்சிலிருந்து திரும்பும்போது என்னை உறுத்தியது நீளமன்று, சத்தம்தான் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஆகையால் அதே வாரத்தில் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, மனைவியும் நானும் கைரேகை கொடுத்து, 16 அங்குலக் குழலுக்காகச் சப்ரஸர் ஒன்றுக்குப் படிவம் 4 அனுப்பினோம். அதற்கும் இப்போது வரி பூஜ்யம். அதில் என் பெயரைப் பொறிக்க வேண்டியதில்லை. லூசியானா போக படிவம் 20உம் வேண்டியதில்லை. நியூ ஜெர்சிக்கு மாற்றல் வந்தால் அதையும் அங்கே கொண்டுபோக முடியாது என்பது தெரிந்தே செய்தேன். சப்ரஸரைத் திருகினால் ரைஃபிள், கட்டையை உள்ளே தள்ளிய நிலையிலும், 38 அங்குலத்தைத் தாண்டிவிடும் என்று நேற்று இரவு அளவுநாடாவை வைத்துக் கணக்குப் போட்டேன். கையில் இருக்கும் பை 36 அங்குலம். ஐந்தரை அங்குலம் குறைக்கப் புறப்பட்டவன் இப்போது 42 அங்குலப் பை தேடிக்கொண்டிருக்கிறேன்.